24 அங்குல ஃபுல் எச்டி திரைக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

வீடு அம்பாசமுத்திரம். மகன் இன்ஜினியரிங் முதலாண்டு. வீட்டில் இருப்பது இன்டெல் ஐ5-12400 ப்ராசசர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், கேபினெட்டோடு சேர்ந்து வந்த '450 வாட்' எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). கிராபிக்ஸ் கார்டு கிடையாது. தீபாவளிக்கு 24 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கியாயிற்று. 1920க்கு 1080, 100 ஹெர்ட்ஸ், பின்பக்கம் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும். தம்பி இப்போது ஆடுவது வாலரன்ட், ஜிடிஏ 5. சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேம்கள் மேல் ஆசை. கடையில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு போடச் சொல்லி ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் விலை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கையில் முப்பதாயிரம். 'குறைந்ததை வாங்கினால் நாளைக்கே பழசாகிவிடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

5070 வேண்டாம். அது மோசமான கார்டு என்பதால் இல்லை. உங்கள் மானிட்டருக்கு அது தேவையே இல்லை என்பதால். முப்பதாயிரத்தில் நாலைந்தாயிரத்தை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் ஏஎம்டி கம்பெனியின் ஆர்எக்ஸ் 7600 வகையிலான 8 ஜிபி கார்டு ஒன்றை வாங்குங்கள். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரிந்தால் கடையில் நின்று பேச வசதியாக இருக்கும் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

திரையிலிருந்து தொடங்குவோம். உங்கள் மானிட்டரில் இருப்பது ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். விநாடிக்கு 100 முறை அது படத்தை மாற்றும். அப்படியானால் கார்டு விநாடிக்கு வரைந்து தர வேண்டியது சுமார் 20 கோடிப் புள்ளிகள். 5070 வாங்குகிறவர்கள் பெரும்பாலும் 2560க்கு 1440 திரை வைத்திருப்பார்கள், 144 ஹெர்ட்ஸிலோ அதற்கு மேலோ. அங்கே கணக்கு விநாடிக்கு 53 கோடியைத் தொடும். 3840க்கு 2160 என்கிற 4கே திரையில் வெறும் 60 ஹெர்ட்ஸுக்கே 50 கோடி ஆகிவிடும். உங்கள் திரை கேட்பது இதில் பாதிகூட இல்லை. மேல்தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அரை இஞ்ச் குழாயில் அரை இஞ்ச் தண்ணீர்தான் வரும், இல்லையா? கார்டு விநாடிக்கு 180 படம் வரைந்தாலும் 100 ஹெர்ட்ஸ் திரை 100 தடவைதான் மாற்றிக் காட்டும். கூடுதல் படங்களால் மவுஸ் அசைவு ஒரு துளி சீக்கிரம் திரைக்கு வரும் என்பது உண்மை. போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். அந்தத் துளிக்காக இருபத்தைந்தாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது, என்னைக் கேட்டால், வீண்.

சில கேம்கள் தாங்களே வேகத்தைக் கட்டி வைத்திருக்கும். எல்டன் ரிங் 60 படத்துக்கு மேல் ஓடாது. கார்டுக்கு நீங்கள் லட்ச ரூபாய் கொடுத்திருந்தாலும் அதுதான் கதி.

அடுத்து ப்ராசசர். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கார்டு படத்தை வரையும் முன்னால், அந்தப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, குண்டு யார் மேல் பட்டது என்பதையெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசசர். திரையின் புள்ளிகள் குறைந்தால் கார்டின் வேலை குறையும். ப்ராசசரின் வேலை குறையாது. சின்ன ரெசொல்யூஷனில் கார்டு தன் பங்கை வேகமாக முடித்துவிட்டு ப்ராசசருக்காகக் காத்து நிற்கும். 1080பி திரையில் விலை உயர்ந்த கார்டு போட்டும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். உங்கள் ஐ5-12400 ஆறு கோர் ப்ராசசர், 2022இல் வந்தது, 7600 அளவு கார்டுக்கு நல்ல ஜோடி. 5070க்கு அது பல கேம்களில் ஈடுகொடுக்காது. பழைய மூன்றாம் தலைமுறை, நான்காம் தலைமுறை ஐ5 ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்துக்கிடுங்கள்.

ப்ராசசரோடு ரேமையும் பார்க்க வேண்டும். 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருக்கிறதா, 8 ஜிபி இரண்டாக இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும். ஒன்றே ஒன்று என்றால் ப்ராசசர் ஒற்றைப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே வகை இன்னொரு ஸ்டிக் போட்டால், கேம் நடுவில் திடீர் திடீரென்று திக்கும் தொல்லை குறையும்.

சரி, கார்டில் எத்தனை ஜிபி? '1080பி திரைதானே, 4 ஜிபி போதும்' என்று இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு. திரையில் தெரியும் ஒரு படத்தை வைத்துக்கொள்ள ஏறக்குறைய 8 எம்பிதான் ஆகும். கார்டின் நினைவகத்தை நிரப்புவது திரை இல்லை. சுவரின் கறை, சட்டையின் நெசவு, மரத்தின் பட்டை என்று கேம் எடுத்து வைக்கும் டெக்ஸ்சர்கள். சின்னத் திரை என்பதற்காக அவை பாதியாகிவிடாது. இடம் போதாமல் போனால் கார்டு கம்ப்யூட்டரின் ரேமிடம் கடன் கேட்கும். அங்கேதான் சிக்கல். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த நினைவகத்தோடு விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் பேசுகிறது. ஸ்லாட் வழியாக ரேமிடம் போக அதற்கு இருப்பது பிசிஐஇ 4.0 என்ற ஸ்லாட் இணைப்பின் எட்டுப் பாதைகள், விநாடிக்கு 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. பழைய 3.0 போர்டு என்றால் அதிலும் பாதி. 4 ஜிபி கார்டுகள் புது கேம்களில் மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதுதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு நல்ல உதாரணம்: 4 ஜிபி, ஸ்லாட்டில் நாலே பாதை. பழைய போர்டில் அதைப் போட்டவர்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கினார்கள்.

8 ஜிபி உங்கள் திரைக்கு இன்று போதும். சில புது கேம்களில் டெக்ஸ்சரை 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்க வேண்டி வரும். 24 அங்குலத்தில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவரை உற்றுப் பார்க்க வேண்டும். ஆனால் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இனி பெயர்கள். ஆர்எக்ஸ் 6600, 2021 அக்டோபரில் வந்தது, 8 ஜிபி, 132 வாட். வயதானாலும் இந்த வகைத் திரைக்காகவே செய்த மாதிரி கார்டு. வாலரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் உங்கள் 100 ஹெர்ட்ஸைத் தாராளமாக நிரப்பும். ஆர்எக்ஸ் 7600, 2023 மே, 8 ஜிபி, 165 வாட். சைபர்பங்கை ரே டிரேசிங் (ஒளி விழுவதை நிஜம் மாதிரி கணக்கிட்டு வரையும் முறை) இல்லாமல் உயர்ந்த செட்டிங்கில் 60க்கு மேல் ஓட்டிவிடும். ஆர்டிஎக்ஸ் 4060, 2023 ஜூன், 8 ஜிபி, வெறும் 115 வாட். மின்சாரச் சிக்கனத்தில் இந்தக் கூட்டத்தில் இதுதான் முதல். அதற்கு அடுத்து வந்த 5060, 2025 மே, 8 ஜிபி, 145 வாட். அமெரிக்காவில் அறிமுக விலை 7600க்கு 269 டாலர், 4060, 5060 இரண்டுக்கும் 299 டாலர், கடைக்காரர் சொன்ன 5070க்கு 549 டாலர். நம் ஊரில் 18 சதவீத ஜிஎஸ்டியும் இறக்குமதியாளர் லாபமும் ஏறும். இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கார்டுக்கு அதிகமாகச் சொல்கிறார்கள் என்பது புலப்பட்டுவிடும். ரூபாய் விலையை நான் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும்.

இன்டெல்லின் ஆர்க் பி580க்கு 12 ஜிபி இருக்கிறது, விலையும் நியாயம். ஆனால் நடுத்தர ப்ராசசர்களோடு அது தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை என்பது 2025 தொடக்கத்திலேயே சோதனைகளில் வெளிவந்துவிட்டது. 1080பியில் ப்ராசசர்தான் கழுத்தைப் பிடிக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதோடு இதுவும் சேர்ந்தால் உங்களுக்குச் சரிப்படாது.

ஏன் 4060 பக்கம் போகாமல் 7600 என்றேன்? உங்கள் மானிட்டரின் முதுகைப் பார்த்துதான். கார்டு ஒரு விநாடிக்கு 70 படம், அடுத்த விநாடி 85 என்று ஏறி இறங்கும். திரை 100லேயே நின்றால் படம் நடுவில் கிழிந்த மாதிரி தெரியும். இரண்டையும் ஒரே தாளத்தில் கொண்டுவருவதற்குத்தான் ஃப்ரீசிங்க். ஏஎம்டி கார்டுகள் இதைச் சாதாரண எச்டிஎம்ஐ வழியாகவே செய்யும். என்விடியா கார்டுகளும் 2019 ஜனவரியிலிருந்து ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு ஒத்துழைக்கின்றன, ஆனால் டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வகைத் துளை வழியாக. எச்டிஎம்ஐ வழியாக வேண்டும் என்றால் மானிட்டரில் எச்டிஎம்ஐ 2.1இன் விஆர்ஆர் (கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரை மாறும்) வசதி இருக்க வேண்டும். எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும் உள்ள மலிவு மானிட்டரில் அதை எதிர்பார்க்க முடியாது. அட்டைப்பெட்டியில் ஃப்ரீசிங்க் என்று போட்டிருந்தால், அந்த வசதியை இந்தத் திரையில் உங்களுக்குத் தரப்போவது ஏஎம்டி கார்டுதான். 24 அங்குலத் திரையின் முன் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு, பத்து எஃப்பிஎஸ் கூடுவதைவிடக் கிழிசல் இல்லாமல் ஓடுவது கண்ணுக்குச் சுகம்.

விஜிஏவை மறந்துவிடுங்கள். இப்போதைய கார்டுகள் எதிலும் விஜிஏ துளை இல்லை.

என்விடியாவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. டிஎல்எஸ்எஸ் என்று ஒன்று: கேமைச் சின்ன அளவில் வரைந்து, பெரிதாக்கித் தெளிவுபடுத்திக் காட்டும். உங்கள் திரையில் 'குவாலிட்டி' என்று வைத்தால் உள்ளே வரைவது 1280க்கு 720, முழுப் புள்ளிகளில் பாதிக்கும் குறைவு. இவ்வளவு குறைந்த சரக்கிலிருந்து நல்ல படம் எடுப்பதில் டிஎல்எஸ்எஸ், 7600க்குக் கிடைக்கும் பழைய எஃப்எஸ்ஆரை (இதே வேலைக்கு ஏஎம்டி வைத்திருப்பது) விடத் தெளிவாக முன்னே நிற்கிறது. எஃப்எஸ்ஆரில் கம்பி வேலியும் புல்லும் மினுமினுக்கும். ஏஎம்டியின் மேம்பட்ட எஃப்எஸ்ஆர் 4, ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்று வந்தது. அதில் 9060 எக்ஸ்டியின் 8 ஜிபி வகை உங்கள் பட்ஜெட்டுக்குள் எப்போதாவது இறங்கினால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்: எச்டிஎம்ஐயில் ஃப்ரீசிங்க், நல்ல எஃப்எஸ்ஆர், இரண்டும் ஒரே கார்டில் வந்துவிடும்.

பெட்டி மேலேயும் விளம்பரத்திலும் 'மூன்று மடங்கு, நான்கு மடங்கு எஃப்பிஎஸ்' என்று போட்டிருப்பார்கள். அது ஃப்ரேம் ஜெனரேஷன்: இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே கார்டு கற்பனையாகச் சில படங்களைச் செருகும். 100 ஹெர்ட்ஸ் திரையை நாலு மடங்கில் நிரப்பினால் நிஜப் படம் விநாடிக்கு 25தான். பார்க்க வழுவழுப்பாக இருக்கும், கையில் பிடித்தால் சேற்றில் நடப்பது மாதிரி இருக்கும். அந்த எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

'படிப்புக்கும் வேண்டும்' என்று தம்பி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நாங்களும் எங்கள் அப்பாவிடம் அதைத்தான் சொன்னோம், அண்ணாச்சி! முதலாண்டுப் பாடத்துக்குத் தனிக் கார்டு எதுவும் தேவையில்லை. அவன் நிஜமாகவே பிளெண்டரில் 3டி வேலை செய்கிறான், அல்லது பைடார்ச் வைத்து ஏஐ பழகுகிறான் என்றால் கதை வேறு. அங்கே என்விடியாவின் 'கூடா' (CUDA) என்ற மென்பொருள்தான் ராஜா. அப்போது ஃப்ரீசிங்க் போனாலும் பரவாயில்லை என்று 4060, 5060 இரண்டில் விலை குறைந்ததை எடுங்கள். ஆரம்பப் பயிற்சிக்குக் கூகுள் கோலாபில் இலவசமாகவே கார்டு நேரம் கிடைக்கிறது. முதலில் அதில் எவ்வளவு வேலை செய்கிறான் என்று கவனியுங்கள், நான் வேறென்ன சொல்ல.

இப்போது எஸ்எம்பிஎஸ். என் பதிலில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். கேபினெட்டோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் '450 வாட்' என்று பெரிதாக இருக்கும். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசசரும் கார்டும் உயிர் வாழ்வது அந்த 12 வோல்ட்டில். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டை அதனால் பெருக்குங்கள்: 216 வாட். 450 என்ற எண்ணில் மீதியெல்லாம் இந்த வேலைக்கு உதவாத கணக்கு. உங்கள் ஐ5 உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். 7600க்கு 165. இரண்டும் சேர்ந்து 282. போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 330ஐ ஒட்டி வரும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கேம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பிழைத்தால் அதோடு போகும். போகும்போது கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு.

80 பிளஸ் 'ப்ரான்ஸ்' (வெண்கலம்) என்ற தர முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் ஒன்று வாங்குங்கள். அதிலேயே கார்டுக்கான எட்டு முனைக் கேபிள் இருக்கும். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது 75 வாட், எட்டு முனைக் கேபிளில் 150, 7600க்குத் தாராளம். 'மோலெக்ஸிலிருந்து (பழைய நாலு முனை இணைப்பு) எட்டு முனைக்கு மாற்றும் ஒயர் இருக்கிறது, நூறு ரூபாய்தான்' என்று யாராவது சொன்னால் அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்றவே வழியில்லை என்பவர்களுக்குத்தான் நான் சொன்ன விதிவிலக்கு: ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனிக் கேபிளே தேவையில்லை, ஸ்லாட்டில் செருகினால் போதும். ஆனால் இதே 3050 என்ற பெயரில் 2022இல் வந்த 8 ஜிபி கார்டு வேறு, இது வேறு. 6 ஜிபியில் கோர்களும் குறைவு, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96ஆகக் குறுகிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். பில்லில் ஜிபியும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் கவனியுங்கள். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரண்ட் போகும் நேரத்தில் கேம் ஓடிக்கொண்டிருந்தால், மானிட்டரையும் சேர்த்து அது ஒரு பீப் சத்தத்தோடு படுத்துவிடும். 1 கேவிஏ பாதுகாப்பு. கரண்ட் பில் பற்றி வீட்டில் கேட்பார்கள்: தினம் இரண்டு மணி நேரம் ஆடினால், முந்நூறு வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள் வீடு ஓடுகிறது என்றால் இது கணக்கைத் தாண்டவைக்கும், மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் மொட்டைமாடி அறையில், ஓடோ ஷீட்டோ போட்ட இடத்தில் இருந்தால், சித்திரை வைகாசியில் அறையே 38, 39 டிகிரிக்குப் போகும். கார்டு 75, 80 டிகிரியில் ஓடுவது சாதாரணம்தான். ஆனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு மூடிய கேபினெட்டில் காற்று எங்கிருந்து வரும்? முன்னால் ஒன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள, இரண்டு ஃபேன் போடுங்கள். வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் இருப்பவர்கள் ஆனி ஆடிக் காற்றில் தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். உவரி, திருச்செந்தூர்க் கடற்கரைக்காரர்கள் ஜன்னலை ஒட்டிக் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். உப்புக்காற்று முதலில் தின்பது இணைப்பு முனைகளைத்தான். வாங்கும் முன் கேபினெட் உள்ளே ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்று ஃபேன் மாடல்கள் 30 சென்டிமீட்டர் வரை நீளும், சின்ன கேபினெட்டில் நுழையாது. 7600க்கு இரண்டு ஃபேன் போதும்.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொதுவாக, வேண்டாம். 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை இரவும் பகலும் மைனிங்கில் (அந்த நாணயத்தை ஈட்டும் கணக்கு வேலையில்) ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இன்றும் சுற்றுவதில் பல '2048எஸ்பி' வகை. உள்ளே இருப்பது உண்மையில் 570. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060, 1080 எல்லாவற்றுக்கும் புது கேம்களுக்கான ட்ரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் 2024 இறுதியில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் போன்றவை, ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்கவே மாட்டேன் என்கின்றன. மீறி வாங்குவது என்றால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்து, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் சிப்பின் பெயரைச் சரிபார்த்து, வாரன்டி மிச்சம் உள்ள பில்லோடு வாங்குங்கள்.

புதியதிலும் ஒரு பொறி உண்டு. நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு '4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்று ஜிடி 730 நீட்டுவார்கள். 2014ஆம் ஆண்டுச் சரக்கு. உங்கள் ஐ5க்குள் ஏற்கெனவே இருக்கும் யுஎச்டி 730இலிருந்து அதற்கு மாறினால் சொல்லும்படி ஒன்றும் கிடைக்காது. இரண்டிலும் 730 என்று இருப்பது தற்செயல்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் ஐந்நூறு ஆயிரம் குறையலாம், ஆன்லைனில் சலுகை நாளில் இன்னும் குறையலாம். ஆனாலும் நம் நெல்லை வண்ணார்பேட்டையிலோ பாளையிலோ தெரிந்த கடையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குள் கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள் என்பேன். மாட்டித் தருவார்கள், பழுதானால் பெட்டியைக் கட்டி அனுப்பும் வேலை உங்கள் தலையில் விழாது. கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷ வாரன்டி. பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், அட்டைப்பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். ஆன்லைன் என்றால் பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருகிறேன் என்றால், இங்கே வாரன்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

மாட்டிய பிறகு தம்பி செய்ய வேண்டியவை சில. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் இருந்து பிடுங்கிக் கார்டில் செருக வேண்டும். சிரிக்காதீர்கள், கார்டு வாங்கியும் வேகம் இல்லை என்று வரும் புகார்களில் இது அடிக்கடி நடக்கிறது. அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் 60ஐ 100 ஆக்க வேண்டும். அது பெரும்பாலும் தானாக மாறாது. இப்போதே பார்க்கச் சொல்லுங்கள், தீபாவளியிலிருந்து 60லேயே ஓடிக்கொண்டிருக்கலாம். மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஏஎம்டி மென்பொருளிலும் ஃப்ரீசிங்கை ஆன் செய்ய வேண்டும். பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் நேரடியாக அணுகும் வசதி) என்பதை இயக்க வேண்டும்.

பழசாகிவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எந்தக் கார்டும் பழசாகும். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கியதும் ஆகும். இப்போது மிச்சமாகும் இருபத்தைந்தாயிரத்தை வங்கியில் போட்டு வைத்தால், மூன்று நாலு வருஷம் கழித்து, அவன் படிப்பு முடியும் சமயத்தில், அன்றைய புதுக் கார்டு ஒன்று வரும். அது இன்றைய 5070க்கு ஈடாக இருக்கலாம். அந்த நேரத்தில் 1440 திரைக்கு மாறினாலும் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது வாங்கும் எஸ்எம்பிஎஸ் அதற்கும் கை கொடுக்கும். ஆர்எக்ஸ் 6600, 7600ஐ விட நாலாயிரம் ரூபாய்க்கு மேல் குறைவாகக் கிடைத்தால் அதையே எடுத்துவிட்டு, மிச்சத்தில் ரேமோ எஸ்எஸ்டியோ போட்டாலும் எனக்குச் சம்மதம்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. மானிட்டரின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாடல் நம்பர் தெரியும்படி. எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டுதான் என்று நீங்கள் எழுதியதை நம்பித்தான் ஏஎம்டி பக்கம் சாய்ந்தேன். டிஸ்ப்ளே போர்ட் துளை ஒன்று அதில் இருந்துவிட்டால், 4060க்கும் 7600க்கும் ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால், 4060ஐயே வாங்கச் சொல்வேன்.